எக்ஸ்கவேட்டரில் விட்டுவிட்டு வரும் தொடர்புக் கோளாறு: இசியுவை மாற்றும் முன் எதைப் பார்ப்பது?

பக்கெட்டுப்பல்:

இருபது டன் வகை எக்ஸ்கவேட்டர், 24 வோல்ட். ஒரே இடத்தில் நின்று மண் அள்ளும்போது எந்தக் குறையும் இல்லை. கரடுமுரடான தரையில் செயினை ஓட்டினால் மானிட்டரில் தொடர்பு இல்லை என்ற எச்சரிக்கை வருகிறது. இஞ்சின் வெப்பநிலையும் சுற்று வேகமும் காட்டும் இடங்கள் வெறுமையாகிவிடுகின்றன. த்ராட்டில் டயலைத் திருப்பினாலும் இஞ்சின் ஐடிலிலேயே நிற்கிறது. சாவியை அணைத்து மீண்டும் போட்டால் ஓடுகிறது. பதிவாகியிருக்கும் கோளாறுக் குறியீடு (கோடு) எஸ்பிஎன் 639, எஃப்எம்ஐ 9. பார்க்க வந்தவர் இஞ்சின் இசியு, அதாவது இஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி, போய்விட்டது என்கிறார். அவ்வளவு பணத்தைப் போட்டு மாற்றிய பிறகும் இதே எச்சரிக்கை வந்தால் என்ன செய்வேன்? கையில் மல்டிமீட்டரும் மின் வரைபடமும் இருக்கின்றன, ஆசிலோஸ்கோப் இல்லை.

வயரிங்காரன்:

இசியுவில் இப்போது கை வைக்காதீர்கள். தரை குலுங்கினால் வருகிறது, நின்றால் போகிறது என்றால் முதல் சந்தேகம் வயர், பின், கனெக்டர் ஆகியவற்றின் மேல்தான். இப்படிப்பட்ட வண்டிகளில் நல்ல இசியுக்களைக் கழற்றி எறிவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று பாருங்கள். எஸ்பிஎன் 639 என்பது ஜே1939 வலையை, அதாவது வண்டியின் கண்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரட்டை வயர் கேன் லைனைக் குறிக்கிறது. எஃப்எம்ஐ 9 என்றால் வர வேண்டிய செய்தி உரிய இடைவெளியில் வரவில்லை என்று பொருள். அதாவது ஒரு கண்ட்ரோலர் இன்னொன்றின் குரல் கேட்கவில்லை என்று முறையிடுகிறது. முறையிடுகிற பெட்டியே கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஆகவே ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு கண்ட்ரோலரும் யாரைக் காணவில்லை என்கிறது என்று தனித்தனியாக எழுதுங்கள். பாதிப் பதில் அந்தத் தாளிலேயே இருக்கும்.

அடுத்தது ஓம் அளவு. பேட்டரி சுவிட்சை அணைத்துவிட்டுச் சில நிமிடங்கள் பொறுங்கள். சாவியை எடுத்த பிறகும் சில கண்ட்ரோலர்கள் விழித்திருக்கும், அந்த நேரத்தில் அளந்தால் வரும் எண் வெறும் குப்பை. ஒன்பது பின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் சி பின் கேன் ஹை, டி பின் கேன் லோ. இரண்டுக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும், ஏனென்றால் லைனின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இணையாக இருக்கிறது. 120 வந்தால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது, அல்லது ஒரு முனை ரெசிஸ்டர் போய்விட்டது. 40 வந்தால் யாரோ மூன்றாவதாக ஒரு ரெசிஸ்டரைச் செருகியிருக்கிறார்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. பிறகு இரண்டையும் தனித்தனியாக சேசிஸுக்கு அளந்து பாருங்கள், உரசி இரும்பைத் தொட்டிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

நின்ற வண்டியில் 60 வந்துவிட்டதே என்று மீட்டரை எடுத்துவிடாதீர்கள். உங்கள் கோளாறு குலுக்கலில் வருவது. மீட்டரை மாட்டியபடியே ஒருவர் ஹார்னஸை (வயர்க் கட்டை) கை கையாகப் பிடித்து அசைத்துக்கொண்டே போகட்டும், இன்னொருவர் எண்ணைப் பார்க்கட்டும். மீட்டர் முனையைக் கனெக்டரின் பெண் பின்னுக்குள் குத்த வேண்டாம், அது விரிந்துவிடும். வயர் உறையையும் துளைக்க வேண்டாம், அந்தத் துளை வழியாகத் தண்ணீர் ஏறிச் செம்பு பச்சை பூத்துவிடும்.

டீசல்வாசம்:

வயரிங்காரர் சொன்னது சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பல கண்ட்ரோலர்கள் ஒரே நொடியில் காணாமல் போகின்றன என்றால் கேன் லைனைத் தொடும் முன் மின்சாரத்தையும் எர்த்தையும் பாருங்கள். இஞ்சின் ஓடும்போது இசியுவின் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்ட் அளவு வைத்துப் பாருங்கள். கால் வோல்ட் காட்டினாலே எர்த் போல்ட்டைக் கழற்றி, அடியில் இருக்கும் பெயிண்டையும் துருவையும் சுரண்ட வேண்டும். மின்சாரம் தடுமாறும் இசியு வலையிலிருந்து விழுந்து எழும், பார்ப்பதற்குக் கேன் கோளாறு போலவே இருக்கும்.

அந்த வண்டியில் அண்மையில் வெல்டிங் ஏதாவது நடந்ததா?

பக்கெட்டுப்பல்:

வெல்டிங் நடக்கவில்லை. எர்த் அளவு சுத்தமாக இருக்கிறது. சொன்னபடி எழுதிப் பார்த்தேன். மானிட்டர், இஞ்சின் இசியுவையும் பம்ப் கண்ட்ரோலரையும் காணவில்லை என்கிறது. அவை இரண்டும் மானிட்டரை மட்டும் காணவில்லை என்கின்றன, ஒன்றையொன்று குறை சொல்லவில்லை. சாவி போட்ட நிலையில் ஹை 2.6 வோல்ட், லோ 2.4 வோல்ட். ஓம் அளவு 60. ஆனால் கேபினுக்குள் நின்று உடம்பை அசைத்தால் 60 சட்டென்று 120 ஆகி, மீண்டும் 60 ஆகிறது!

வயரிங்காரன்:

அருமை. கோளாறு தன் முகவரியைச் சொல்லிவிட்டது.

இஞ்சின் இசியுவும் பம்ப் கண்ட்ரோலரும் பேசிக்கொள்கின்றன என்றால் பின்பக்க லைன் நலம், அந்த இசியுவும் நலம். அறுபடுவது கேபினுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே. லைன் நடுவில் அறுந்தால் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு ரெசிஸ்டர்தான் மிஞ்சும், அதனால்தான் 120. த்ராட்டில் டயலின் சிக்னல் உங்கள் வண்டியில் மானிட்டர் வழியாகப் போகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். போகிறது என்றால் இஞ்சின் ஐடிலில் நிற்பதற்கும் விடை கிடைத்துவிட்டது. வோல்ட் அளவும் சரி, இரண்டையும் கூட்டினால் 5 வருகிறது.

கேபின் ரப்பர் மவுண்ட்டின் மேல் ஆடும், ஃப்ரேம் ஆடாது. இரண்டையும் கடக்கும் ஹார்னஸ்தான் எல்லா ஆட்டத்தையும் வாங்குகிறது. தரைத் தகட்டைத் திறந்து அந்த இணைப்புக் கனெக்டரைப் பாருங்கள். கழற்றினால் கேபின் பக்கம் 120, வண்டிப் பக்கம் 120 காட்ட வேண்டும். பிறகு மஞ்சள் (கேன் ஹை), பச்சை (கேன் லோ) வயர்களை ஒவ்வொன்றாக மெதுவாக இழுத்துப் பாருங்கள்.

பக்கெட்டுப்பல்:

கிடைத்துவிட்டது. மஞ்சள் வயரின் பெண் பின் விரிந்து கிடந்தது, ஆண் பின்னை அது பிடிக்கவே இல்லை. எப்போதோ யாரோ மீட்டரைக் குத்தியிருக்க வேண்டும். டயலும் மானிட்டர் வழியாகத்தான் போகிறது. பின்னை இடுக்கியால் நெருக்கிவிட்டால் போதுமா? வயரைச் சால்டர் செய்யலாமா?

வயரிங்காரன்:

இரண்டும் வேண்டாம். நெருக்கிய பின் மறுபடியும் விரியும். சால்டர் ஏறிய இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்திலேயே ஒடியும். புதிய பின், புதிய ரப்பர் சீல், அந்தப் பின்னுக்கான கிரிம்ப் கருவி, இவைதான் வழி. கேன் வயர் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கியே ஓட வேண்டும், கனெக்டர் அருகே தேவையான அளவு மட்டும் பிரியுங்கள். பின் உள்ளே போனதும் பூட்டு விழுந்த சத்தம் கேட்க வேண்டும், மெல்ல இழுத்துப் பார்த்து உறுதிசெய்யுங்கள். கேபின் ஆடும்போது ஹார்னஸ் இறுகாதபடி கொஞ்சம் தளர்வு விட்டுக் கிளிப் போடுங்கள்.

தரைத் தகட்டை மூடும் முன் மீட்டரை மாட்டி, கேபினை நன்றாக அசைத்துப் பாருங்கள். எண் 60-ஐ விட்டு நகரக்கூடாது. பிறகு கோடுகளை அழித்துவிட்டு, அதே கரடுமுரடான தரையில் ஓட்டிவிட்டு என்ன ஆயிற்று என்று இங்கே எழுதுங்கள்.