கனடா ஸ்பொன்சர்: எழுத்து நாளா, தாலி கட்டிய நாளா?

கேள்வி
வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். கணவர் நிரந்தர வதிவுரிமை பெற்று ஐந்து வருடங்களாக ரொறன்ரோவில் வசிக்கிறார். 2024 தை மாதம் அவர் இரண்டு கிழமை விடுமுறையில் வந்தபோது பதிவாளர் முன்னிலையில் எங்களுக்கு எழுத்து (சட்டப்படியான திருமணப் பதிவு) நடந்தது. இரு வீட்டாரிலும் பத்துப் பேர்தான் இருந்தார்கள். நல்லூரில் மண்டபம் எடுத்துத் தாலி கட்டியது ஆவணியில். கணவர் என்னைக் கனடாவுக்கு அழைப்பதற்கான ஸ்பொன்சர் படிவத்தில் திருமணத் திகதியாக எதை எழுதுவது? எழுத்து நாளை எழுதினால், ஏழு மாதம் சேர்ந்து வாழாதது ஏன் என்று சந்தேகிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. தாலி கட்டிய நாளை மட்டும் எழுதும்படி உறவினர் ஒருவர் சொல்கிறார்.

பதில் 1
தங்கச்சி, எழுத்து நாளையே எழுதுங்கள். விவாகச் சான்றிதழில் இருப்பது அந்தத் திகதிதான். திருமணம் நடந்த நாட்டின் சட்டப்படி அது செல்லுபடியானதா என்பதையே கனடா முதலில் பார்க்கிறது. உங்கள் பயத்துக்கான இடம் ஐஎம்எம் 5532 படிவம். உறவு எப்படித் தொடங்கியது, என்ன சடங்கு நடந்தது, யார் வந்தார்கள் என்று அதில் கேட்பார்கள். அங்கே இரண்டு நாட்களையும் எழுதி, எழுத்து முதலில் நடப்பதும் தாலி ஏறும்வரை பெண் தாய்வீட்டில் இருப்பதும் எங்கள் பக்கத்து வழமை என்பதை, எங்கள் ஊரையே அறியாத ஒருவருக்குச் சொல்வதுபோல விரிவாக விளக்குங்கள். 2016இல் நான் இதை ஒரே வரியில் முடித்துவிட்டதால், நேர்முகத்தில் பெரும்பாலான கேள்விகள் இதைப் பற்றியே வந்தன.

பதில் 2
அக்கா சொன்னதே சரி. சான்றிதழோடு முரண்படும் திகதியைக் கொடுத்து, அது தவறான தகவல் என்று முடிவானால் ஐந்து வருடத் தடை வரை போகும். உறவினரின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

உங்கள் கணவர் வதிவுரிமை பெற்ற பின்னரே எழுத்து நடந்ததால் இன்னொரு பெரிய சிக்கலிலிருந்து தப்பியிருக்கிறீர்கள். தாலி கட்டினால்தான் கலியாணம் என்று மனதார நம்பி, எழுத்து முடிந்த பிறகும் 'மணமாகாதவர்' என்றே பதிந்து கனடாவில் வந்திறங்கியவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பதிவில் காட்டாமல் விட்ட துணையைப் பின்னர் குடும்பப் பிரிவில் அழைப்பதைக் குடிவரவு ஒழுங்குவிதிகளின் 117ஆம் விதி பொதுவாகத் தடுக்கிறது. எழுத்தை வெறும் கடதாசி வேலையாக நினைக்கும் எங்கள் பழக்கம் எத்தனை குடும்பங்களைப் பிரித்து வைத்திருக்கிறது என்பதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

பதில் 3
சான்றிதழை மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது இருவரின் கடவுச்சீட்டுப் பிரதிகளையும் சேர்த்துக் கொடுங்கள். பெயரில் ஒரு ழகரமோ தகப்பன் பெயரோ ஆங்கிலத்தில் வேறுவிதமாக எழுதப்பட்டால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டிவரும்.

கேட்டவர்
மூவருக்கும் மிக்க நன்றி. எழுத்து நாளையே திருமணத் திகதியாக எழுதி, தாலி கட்டிய நாளை விளக்கத்தில் சேர்க்கிறோம். எழுத்தன்று எடுத்த படங்கள் மாமியின் தொலைபேசியில் மட்டுமே இருக்கின்றன. இன்றே வாங்கி வைக்கிறேன்.