வண்டு எந்த ஊரு?

குழு: ஆச்சி வீடு

கயல் (காலை 7:12): யாராச்சும் முழிச்சிருக்கீங்களா? கிச்சன் சன்னல் பூரா வண்டு. இன்னைக்குக் காலையில மட்டும் முப்பது நாப்பது பெருக்கித் தள்ளிட்டேன்

கயல்: 📷 படம்

கடையம் அத்தை: அரிசி வண்டுதான். அந்தக் கடைக்காரன மாத்துன்னு தீபாவளிக்கு வந்தப்பவே சொன்னேன். பழைய அரிசியப் புதுசுன்னு தலையில கட்டுதான்

கயல்: ரெண்டு நாளா மொட்டைமாடில அரிசியக் காயப்போட்டேன் அத்தை. பாதி நொய்யாப் போனதுதான் மிச்சம். வண்டு அப்படியே இருக்கு

மதுரை மைனி: வசம்பு தட்டிப் போடு. எங்க அம்மா அரிசிப் பானையில வசம்பும் மிளகா வத்தலும் இல்லாம வைக்க மாட்டாங்க

கார்த்தி: எங்க வீட்ல மிளகா வத்தல்லயே வண்டு மைனி 😂

மதுரை மைனி: உங்க வீட்ல எதுலதான் இல்ல கொழுந்தனாரே

சித்தி: பலமுறை பகிரப்பட்டது: "அரிசி டப்பாவில் ஒரு தீப்பெட்டி வையுங்கள், ஒரு வண்டு கூட வராது! இதைப் பத்து பேருக்கு அனுப்புங்கள்"

சித்தி: இது நிஜமாவா மாமா?

கார்த்தி: மாமா இன்னும் பேப்பர் படிச்சு முடிக்கல

கயல்: கீழ கடையில ஒரு மாத்திரை தர்றேன்னு சொன்னாரு. துணியில கட்டி அரிசிக்குள்ள வச்சா ஒரே நாள்ல செத்துருமாம். வாங்கவா?

அம்பை மாமா: வாங்காத

அம்பை மாமா: கயலு போன எடு

அம்பை மாமா (7:41): எல்லாரும் கேட்டுக்கிடுங்க. அது அலுமினியம் பாஸ்பைடு. காத்துல இருக்கிற ஈரம் பட்டாலே பாஸ்பீன்னு விஷ வாயு வரும். கிடங்குல மூட்டைய அடுக்கி, மேல காத்துப் புகாத ஷீட் போட்டு மூடி, பயிற்சி எடுத்தவங்க மட்டும்தான் அதைத் தொடுவோம். முப்பது வருசம் கிடங்குல இருந்த நானே வீட்டுக்குள்ள கொண்டு வந்தது இல்ல. புள்ளைங்க தூங்குற வீடு. ஆளைக் கொன்னுரும்

கயல்: சரி மாமா, வாங்கல 🙏

சித்தி: அப்ப தீப்பெட்டி?

அம்பை மாமா: அடுப்புப் பத்த வைக்க நல்லது

அம்பை மாமா: படத்தப் பெருசாக்கிப் பாத்தேன். அரிசி வண்டு மாதிரி தெரியலயே. ஒண்ணைப் பிடிச்சு வெள்ளைப் பேப்பர்ல வை. முகத்துல தும்பிக்கை மாதிரி மூக்கு நீட்டிக்கிட்டு இருக்கா?

கயல்: மூக்கு இல்ல மாமா. குட்டையா, பழுப்பா இருக்கு. பின்பக்கம் கத்தரியால நறுக்கி விட்ட மாதிரி, றெக்கை முழுசா மூடல

அம்பை மாமா: அது பயறு வண்டு. நீ அரிசிய வெயில்ல வறுத்து என்ன செய்ய? முழுப்பயறு எங்க வச்சிருக்கன்னு தேடு. பாசிப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எல்லாம்

அம்பை மாமா: உடைச்ச பருப்புல அவ்வளவா அண்டாது. டப்பாவத் திறந்து பாக்கிறதோட விடாத, மூலையில மறந்து போனது ஏதாவது இருக்கும்

மதுரை மைனி: அந்த வண்டு பயறத் தின்னு தீத்துருமே

அம்பை மாமா: வண்டு தின்னாதும்மா. தின்கிறது உள்ள இருக்கிற புழு. வண்டா வெளிய வந்தது சோடி சேந்து முட்டை வச்சிட்டு பத்துப் பன்னெண்டு நாள்ல செத்துரும். முட்டையில இருந்து அடுத்த வண்டு வர மூணு நாலு வாரம். ஒரு மாசம் முன்னால வீட்டுக்குள்ள என்ன வந்துச்சுன்னு கணக்குப் பாரு

கயல்: ஒரு மாசம்னா கொலு

கயல்: இருங்க

கயல் (8:20): கிடைச்சிருச்சு. மேல் அடுக்குல கொலுப்பொம்மை அட்டைப்பெட்டிக்குப் பின்னால, சுண்டலுக்குப் போக மிஞ்சின தட்டாம்பயறு. ஒரு கிலோ இருக்கும். பையப் பிரிச்சதும் முகத்துல பறக்குது

கயல்: பயறு மேல வெள்ளை வெள்ளையாப் பொட்டு ஒட்டியிருக்கு. முக்காவாசிப் பயத்துல வட்டமா ஓட்டை. கையில அள்ளினா கனமே இல்ல, உமி மாதிரி இருக்கு

அம்பை மாமா: அந்த வெள்ளைப் பொட்டுதான் முட்டை. அரிசி வண்டு மணியத் துளைச்சு உள்ள வச்சு மூடிரும், நமக்குத் தெரியாது. இது வெளிய ஒட்டும்

கார்த்தி: இது எந்தக் கடையில வாங்குனது? அந்தக் கடைக்காரர்தானா?

கயல்: கடையில வாங்கல

கயல்: மஞ்சப்பையில இருக்கு. பையில சுதா மைனி கல்யாணத் தேதி போட்டிருக்கு

கார்த்தி: 🤐

கடையம் அத்தை: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

கடையம் அத்தை: வரப்போரம் ஆடியில போட்ட பயறு. ஒரு சொட்டு மருந்து அடிக்கலன்னு ஆசையாக் குடுத்து விட்டேன்

அம்பை மாமா: உன் மேல குத்தம் இல்லம்மா. வயல்லயே காய் முத்திக் காயும்போது வந்து முட்டை வச்சிரும். களத்துக்கு வர்றப்பவே உள்ள ஆள் இருக்கும்

கடையம் அத்தை: கடைக்காரன வேற வைதுட்டேன்

சித்தி: 🎤 குரல் பதிவு 0:48

சித்தி: ஆச்சிதான் பேசுறாங்க. காது கேக்காதவங்களுக்காக எழுதுதேன். "துவரைக்குச் செம்மண் கட்டி வைப்போம். மத்த பயறுக்கு நல்லாக் காயவச்சு, சூடு ஆறினதும் விளக்கெண்ணெய் விட்டுப் பிசிறி வைப்போம். இப்ப எவ செய்யுதா"

அம்பை மாமா: ஆச்சி சொல்றது சரி. கிலோவுக்கு ரெண்டு சின்ன ஸ்பூன் போதும். தோல் மேல ஒட்டுற முட்டை எண்ணெய்ல மூச்சடைச்சுப் போகும். சமைக்கிறப்ப வெந்நீர்ல கழுவிக்கிட்டா வாடை இருக்காது

கயல்: மத்த பயறெல்லாம் என்ன செய்ய?

அம்பை மாமா: ஓட்டை இல்லாததை அரைக் கிலோவாப் பிரிச்சுக் கட்டி ஃப்ரீசர்ல நாலஞ்சு நாள் வை. எடுத்த உடனே பையத் திறக்காத, வேர்த்து நனைஞ்சுரும். ஆறு மணி நேரம் வெளிய கெடந்து குளிர் விடட்டும். அப்புறம் இறுக்கமான மூடி போட்ட டப்பா. பழசு அடியில கெடக்கும்போது புதுசைக் கொட்டாத. அலமாரிப் பேப்பரக் கிழிச்சுப் போட்டுட்டு சந்துபொந்தெல்லாம் தொடை

அம்பை மாமா: கெட்ட பயறை அப்படியே குப்பைத் தொட்டில போட்டா சாயங்காலமே திரும்பி வரும். பாலித்தீன்ல கட்டி அதையும் ரெண்டு மூணு நாள் ஃப்ரீசர்ல வச்சிட்டுப் போடு

கயல்: ஐஸ்கிரீமுக்குப் பக்கத்துலயா மாமா 😭

மதுரை மைனி: ஐஸ்கிரீமத் தின்னு காலி பண்ணிரு

கடையம் அத்தை: கயலு, பைய மட்டும் தூரப் போட்டுராத. வெந்நீர்ல அலசிக் காயப்போடு. சுதா கல்யாணப் பை என்கிட்டயே இப்ப ஒண்ணுகூட இல்ல