அவசரம்: தருமபுரி மக்கள்தொகை கிராஃப் பாதியாக விழுகிறது

அரூர் மாணவி:
யாராவது உடனே சொல்லுங்கள். நாளைக் காலை புள்ளியியல் செமினார். தருமபுரி மாவட்ட மக்கள்தொகைக்குக் கிராஃப் போட்டேன். கோடு நன்றாக ஏறி வந்து கடைசியில் பாதியாக விழுகிறது. எப்படிச் சரிசெய்வது?

ஓசூர் குமார்:
எந்த வருடங்கள்? எண்களைப் போடுங்கள். எக்செல்லா, கையால் வரைந்ததா?

பென்னாகரத்தான்:
கிராஃப் சரியாகத்தான் இருக்கும். எங்கள் பக்கம் பெங்களூருக்குக் கட்டட வேலை, திருப்பூருக்குப் பனியன் கம்பெனி என்று எவ்வளவோ பேர் போய்விட்டார்கள். வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கணக்கெடுக்க வந்தால் யார் இருப்பார்கள்?

அளவுகோல்:
தரவும் மென்பொருளும் சொல்லாமல் கேள்வி கேட்காதீர்கள் என்று எத்தனை தடவை எழுதுவது? முதலாண்டுப் பாடம் இது. அச்சைப் பூஜ்யத்தில் தொடங்கியிருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

அரூர் மாணவி:
எக்செல். 2001ல் 28.56 லட்சம், 2011ல் 15.07 லட்சம். பூஜ்யத்தில் வைத்தாலும் விழுகிறது.

காவேரிப்பட்டணம் டீச்சர்:
ஆள் குறையவில்லை அம்மா, மாவட்டம்தான் குறைந்தது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை எல்லாம் அதோடு போயின. உன் 28.56 பிரியாத மாவட்டத்தின் எண், 15.07 பிரிந்த பிறகு வந்தது. இரண்டையும் ஒரே கோட்டில் சேர்க்கக் கூடாது.

இன்றைய எல்லைப்படி எடுத்தால் 2001ல் தருமபுரி 12.95, கிருஷ்ணகிரி 15.61. கூட்டிப் பார், அதே 28.56 வரும். தருமபுரி மட்டும் வேண்டுமென்றால் 12.95, 15.07 என்று இரண்டு பார் (பட்டை) போடு. அதற்கு முந்தைய வருடங்களும் வேண்டுமென்றால் 2011க்குக் கிருஷ்ணகிரியின் 18.80ஐச் சேர்த்து 33.87 என்று வை. எதைப் போட்டாலும் எந்த எல்லை என்று கிராஃபுக்குக் கீழே ஒரு வரி எழுது.

பென்னாகரத்தான்:
சரி டீச்சர். ஆனாலும் ஜனங்கள் வெளியூர் போனது பொய்யில்லையே.

ஓசூர் குமார்:
போனது உண்மைதான். அதனால் பதின்மூன்று லட்சம் பேர் குறைந்தார்கள் என்றால்தான் தப்பு.

அரூர் மாணவி:
ரெண்டு பார் போட்டேன். இப்போது 2011 ரெண்டரை மடங்கு உயரமாகத் தெரிகிறது!

ஓசூர் குமார்:
செங்குத்து அச்சு 11.5ல் தொடங்குகிறதா பாருங்கள். எண்கள் நெருக்கமாக இருந்தால் எக்செல் தானாகவே அப்படி வெட்டிவிடும். 11.5க்கு மேலே இருக்கிற 1.45, 3.57 மட்டும்தான் பாராக நிற்கும். நிஜத்தில் கூடியது 16 சதவீதம். அச்சின் மேல் ரைட் கிளிக் செய்து, ஃபார்மேட் ஆக்சிஸில் மினிமத்தை 0 ஆக்குங்கள்.

அளவுகோல்:
இதைத்தான் முதலிலேயே சொன்னேன். எந்தக் கிராஃபும் பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும். விதிவிலக்கே கிடையாது.

காவேரிப்பட்டணம் டீச்சர்:
பாருக்குச் சரி. அங்கே நீளத்தை வைத்துத்தான் கண் ஒப்பிடுகிறது. கோட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எங்கள் கிருஷ்ணகிரி கேஆர்பி அணையின் முழு நீர்மட்டம் 52 அடி. மழைக்காலத்தில் 50 அடி 51 ஆனால் ஆற்றங்கரையில் இருக்கிற எங்களுக்கு அது பெரிய சேதி. பூஜ்யத்திலிருந்து வரைந்தால் அந்த ஒரு அடி கண்ணில் படுமா?

அளவுகோல்:
அது ஏமாற்றுகிறவர்களுக்கு வழி திறந்து விடுவது.

ஓசூர் குமார்:
அச்சில் எண்களைத் தெளிவாக எழுதிவிட்டால் ஏமாற்று எங்கே வந்தது?

அளவுகோல்:
எண்ணை யார் படிக்கிறார்கள்? வடிவத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

அரூர் மாணவி:
ரெண்டு கிராஃபும் வைத்துவிட்டேன், எல்லையும் கீழே எழுதியாச்சு. கோடு இப்போது விழவில்லை. நன்றி டீச்சர், நன்றி அண்ணா.

பென்னாகரத்தான்:
செமினாரில் வெளியூர் போனவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லும்மா.