எல்லை முகாமில் ராக் பேண்டு: ஜெனரேட்டர், குழல், மூச்சு

பல்லடம் மைக்செட்

லடாக் மாதிரி இடத்துக்கு ஜவான்களுக்கு வாசிக்கப் போற நம்ம பக்கத்துக் குழுக்களுக்காக எழுதறேனுங்க. கரண்டு விஷயத்தை முதல்ல சொல்லிடறேன்.

மாரியம்மன் நோம்பிக்கு 62.5 கேவிஏ (கேவிஏங்கறது ஜெனரேட்டரோட சக்தி அளவு) ஜெனரேட்டரை லாரியில ஏத்தற கணக்கு அங்கே ஆகாது. லே ஊரே 3,500 மீட்டர் உயரம். காத்தழுத்தம் கோவையில இருக்கறதுல மூணுல ரெண்டு பங்குதான். டர்போ (காத்தை அழுத்தி உள்ளே தள்ளற கருவி) இல்லாத இன்ஜின் 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதம் இழுவையை விட்டுடும். 5 கேவிஏன்னு எழுதியிருந்தா 3.3ன்னு வெச்சுக்கோங்க. அது பயப்படற அளவு இல்லை. 12 இஞ்ச் ஆக்டிவ் ஸ்பீக்கர் பின்னால 1,000 வாட்னு போட்டிருந்தாலும் பாட்டு ஓடறப்ப சராசரியா இழுக்கறது 150, 200 வாட். ரெண்டு பெட்டி, ரெண்டு மானிட்டர், மிக்சர், கீபோர்டு, கிட்டார் பிராசசர் எல்லாம் சேர்ந்தும் ஒன்றரை கேவிஏக்குள்ள அடங்கும். ஹீட்டரோ கெட்டிலோ அதே லைன்ல சொருகினாத்தான் வில்லங்கம்.

ஆம்ப்ளிஃபயர் ஃபேன் சுத்தினாலும் மெல்லிசான காத்து சூட்டைச் சரியா இழுக்காது. வெயில்ல கறுப்புப் பெட்டியை வெக்காதீங்க. குளிர் காலத்துல சாதா டீசல் மெழுகு மாதிரி உறைஞ்சு ஃபில்டரை அடைக்கும். லடாக்குக்குன்னே மைனஸ் 33 டிகிரி வரைக்கும் உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019ல கொண்டுவந்துச்சு. முகாம்ல அதைக் கேட்டு வாங்கி ஊத்துங்க.

அவினாசி எலக்ட்ரீசியன்

எர்த்தை விட்டுட்டீங்களேணா. அங்கே தரை கல்லு, இல்லாட்டி உறைஞ்ச மண்ணு. ராடு அடிச்சு உப்புத் தண்ணி ஊத்தினா நம்ம தோட்டத்துல கிடைக்கற எர்த் அங்கே கிடைக்காது. சின்ன ஜெனரேட்டர்ல நியூட்ரல் பெரும்பாலும் எதோடயும் சேராம மிதக்கும். அந்த நிலையில 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா லைனைத் துண்டிக்கற சுவிட்ச்) போட்டும் பிரயோஜனமில்லை, ஷாக் அடிச்சாலும் அது விழாது. ஜெனரேட்டர்கிட்டவே ஒரே ஒரு இடத்துல நியூட்ரலையும் பாடியையும் இணைச்சு, அதுக்கப்புறம் ஆர்சிசிபி. தெரிஞ்ச கை மட்டும் செய்யணும்.

பாடறவர் உதடு மைக்ல பட்டதும் சுருக்குன்னு இழுத்தா, கிட்டார் ஆம்ப் ஒரு லைன்லயும் மிக்சர் வேற லைன்லயும் இருக்கலாம், இல்லாட்டி எர்த் எங்கயோ விட்டுப்போயிருக்கலாம். மேடை மொத்தமும் ஒரே போர்டுல இருந்து போகணும். முகாம் லைன் பாதி, ஜெனரேட்டர் பாதின்னு பிரிக்கவே கூடாதுங்க.

கோபி குழல்

சுருதியைப் பத்தி யாரும் பேசலை. குளிர்ல ஒலியோட வேகம் குறையறதால புல்லாங்குழல் டிகிரிக்குச் சுமார் 3 சென்ட் இறங்கும் (கீபோர்டுல ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவுல 100 சென்ட்). 25 டிகிரியில சரியா இருந்த குழல் 5 டிகிரியில 60 சென்ட் கீழே, அதாவது அரைக் கட்டைக்கும் மேல. கீபோர்டு அசையாது. ஊதி ஊதிச் சூடாக்கினா கொஞ்சம் ஏறும், ஒரு பாட்டு சும்மா இருந்தா மறுபடி இறங்கிடும். கீபோர்டுல மாஸ்டர் டியூனிங்கை (மொத்த சுருதி அளவை) 440 ஹெர்ட்ஸ்ல இருந்து கீழே கொண்டுவந்து, கிட்டாரையும் அதுக்கே கட்டறதுதான் வழி. சட்டைக்குள்ள ரெண்டாவது குழல் ஒண்ணு எப்பவும் இருக்கட்டும்.

சேலம் பழைய ரசிகர்

ஜெனரேட்டரும் சுருதியும்னு சொன்னதால ஒரு துணுக்கு. அமெரிக்காவுல படைவீரங்களுக்குக் கலைநிகழ்ச்சி நடத்தற யுஎஸ்ஓ அமைப்பு 1941ல ஆரம்பிச்சது. வியட்நாம்ல நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் 1964ல இருந்து 1972 வரைக்கும் வருஷா வருஷம் கிறிஸ்மஸ் சமயத்துல போய் வந்தார். பிலிப்பைன்ஸ், கொரியா குழுக்கள்தான் சின்ன முகாம்களை எல்லாம் சுத்தினது. அந்தக் காலத்து ஹேமண்ட் ஆர்கனோட (மோட்டார்ல ஓடற கீபோர்டு வாத்தியம்) மோட்டார் கரண்டு ஃபிரீக்வென்சியைப் பிடிச்சு ஓடும். 60 ஹெர்ட்ஸ் 59க்கு இறங்கினா வாத்தியம் மொத்தமும் 29 சென்ட் இறங்கிடும். இப்போதைய கீபோர்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. நம்ம நாட்டுல எல்லைப் படைகளுக்குக் கலைக்குழு கூட்டிட்டுப் போனதுல இந்தி நடிகர்கள் சுனில் தத், நர்கிஸ் தம்பதியோட அஜந்தா ஆர்ட்ஸை மறக்க முடியாது.

ஈரோடு டிரம்ஸ்

முழு டிரம்செட் வேண்டாங்கறது என் கட்சி. கஹோன் (மேல உக்காந்து தட்டற மரப்பெட்டி) ஒண்ணு, ஸ்னேர் டிரம் ஒண்ணு, ஹைஹேட் தாளத் தட்டு போதும். எலக்ட்ரானிக் டிரம் பேட் கொண்டுபோனா அதோட எல்சிடி திரை குளிர்ல மந்தமாகும், லித்தியம் பேட்டரியை ஜீரோ டிகிரிக்குக் கீழே சார்ஜ் போட்டா செல் கெட்டுடும்.

பறை கொண்டுபோறவங்க கவனிங்க. இங்கே தீயில காட்டி ஏத்தற தோல், அங்கே காத்துலயே ஈரப்பதம் இல்லாம விறைச்சு நிக்கும். அதையும் காய்ச்சினா கிழிஞ்சிடும். ஃபைபர் தோல் போட்டதே நல்லது. மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆளுங்க இருக்கற இடத்துல பறையில்லாம போகாதீங்க. ஒரு அடி விழுந்ததும் எழுந்து ஆடற கூட்டம் அது.

பல்லடம் மைக்செட்

டிரம்செட் விஷயத்துல ஒத்துக்கறேன். லே விமானத்துல எடைக் கட்டுப்பாடும் இருக்கு, கோடையில திரும்பறப்ப சரக்கு அடுத்த விமானத்துக்குத் தள்ளிப்போகலாம். அகூஸ்டிக் கிட்டார்னா தந்தியை ஒரு ஸ்வரம் தளர்த்திட்டு, ஓட்டை போட்ட சோப்பு டப்பாவுல ஈரப் பஞ்சு வெச்சு கேஸுக்குள்ள போடுங்க. வெளிக் குளிர்ல இருந்து புகாரி அடுப்பு எரியற ஹாலுக்குள்ள கொண்டுவந்தா ரெண்டு மணி நேரம் கேஸைத் திறக்காதீங்க. திறந்தா வியர்த்து, மிக்சர் உள்ளே எல்லாம் தண்ணி கோக்கும்.

பொள்ளாச்சி பாட்டு

எல்லாத்துக்கும் மேல உடம்புங்க. ராணுவத்தோட சொந்தக் கணக்கே 2,700ல இருந்து 3,600 மீட்டர் வரைக்கும் ஆறு நாள் பழகணும், அதுக்கு மேல 4,500 வரைக்கும் இன்னும் நாலு நாள். ரெண்டு நாள்ல இறங்கி ஏறி ஆடிப் பாடற திட்டத்தோட வர்ற குழுவைத் தடுத்து நிறுத்தணும். தலைவலியோட வாந்தியும் வந்தா மேடையை மறந்துட்டு டாக்டர்கிட்ட ஓடணும். சாராயம் கூடவே கூடாது. மலை உயர நோய்க்கு டாக்டர் டயமாக்ஸ் மாத்திரை கொடுத்தா விரல் நுனியும் உதடும் மரமரக்கும், கிட்டார்காரரும் குழல்காரரும் அதை முன்னாடியே தெரிஞ்சுக்கறது நல்லது. சல்ஃபா அலர்ஜி இருந்தா சொல்லிடணும்.

பாட்டை ஒண்ணு ஒண்ணரை கட்டை இறக்குங்க. இழுத்துப் பிடிக்கற இடமெல்லாம் கோரஸுக்குப் போகட்டும். 45 நிமிஷம், நடுவுல மூச்சு வாங்க வாத்திய இசை ஒண்ணு. மத்தியானத்துக்கு மேல காத்து கிளம்பும், அதனால காலையில வெக்கறதே உத்தமம். மைக்குக்கு ஃபோம் கட்டாயம்.

பேப்பர் ஷாட், பட்டாசு, மின்னி மின்னி எரியற லைட்டு எதுவும் எடுத்துட்டுப் போகாதீங்க. துப்பாக்கிச் சத்தத்தோட வாழற மனுசங்க முன்னாடி அந்த வெடி வேண்டாம். மேடைக்குப் பின்னால தெரியற மலையையோ கட்டடத்தையோ போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி அதிகாரியைக் கேளுங்க, லைவ் போடவே கூடாது.

காவல்ல நிக்கறவங்க கச்சேரிக்கு வர முடியாது. அவங்க மாறி வர்ற நேரத்தைக் கேட்டு, ஒரு கிட்டாரும் கஹோனும் மட்டும் வெச்சு 20 நிமிஷம் தனியா வாசிங்க. அந்தப் பாட்டு வரிசையை இங்கே இருந்தே எழுதிட்டுப் போங்க. தமிழ் மட்டும் போதாது, இந்தி அஞ்சு, மலையாளம் குறைஞ்சது ரெண்டு பாட்டு கையில இருக்கணும்.