கட்டுரை இதழுக்கு போடோனியா, கேரமண்டா?

கேள்வி:
ஒரு ஆங்கிலக் கட்டுரை இதழை வடிவமைக்கிறேன். 96 பக்கம், படங்கள் குறைவு, பூச்சில்லாத தாள். ஆசிரியருக்கு போடோனி எழுத்துருதான் வேண்டும், அட்டையில் பார்த்தால் எனக்கும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே 9.5 பாயிண்டில் இரண்டு பத்தி ஓட்டிப் பார்த்தேன், கண் கூசுகிறது. கேரமண்டுக்கு மாறினால் பழைய புத்தகம் மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். எதை எடுப்பது?

பதில் 1:
கூசத்தான் செய்யும். போடோனியில் தடித்த கோடு ரொம்பத் தடிப்பு, மெல்லிய கோடு மயிரிழை. சின்ன அளவில் மயிரிழை கரைந்துபோய் செங்குத்துக் கோடுகள் மட்டும் வேலிக்கம்பி மாதிரி வரிசையாக நிற்கும். உலோக எழுத்துக் காலத்தில் ஒவ்வொரு அளவையும் தனித்தனியாக வெட்டினார்கள், சின்ன அளவுக்கு மெல்லிய கோட்டைச் சற்றுத் தடிப்பாக்கி இடைவெளியையும் தாராளமாக விட்டார்கள். இன்று பெரும்பாலும் ஒரே வரைவை எல்லா அளவுக்கும் நீட்டிச் சுருக்குகிறோம், கோளாறு அங்கேதான். ஆசிரியர் பிடிவாதமாக இருந்தால் ஐடிசி நிறுவனத்தின் போடோனியைப் பாருங்கள்: 6, 12, 72 என்று மூன்று அளவுக்கும் தனி வரைவு உண்டு. தலைப்புக்கு 72, உள்ளே 12, அடிக்குறிப்புக்கு 6.

பதில் 2:
நான் உள்ளே போடோனியே வேண்டாம் என்பேன், எந்த வரைவானாலும். 3,000 சொல் கட்டுரையை அதில் படிப்பது அலுப்பு. கேரமண்ட் பழசாகத் தெரிவது எழுத்தால் மட்டுமல்ல, அகலமான ஓரம், நடுவில் நிறுத்திய தலைப்பு எல்லாம் சேர்ந்துதான் அப்படிக் காட்டும். தலைப்பை இடப்பக்கம் ஒட்டி வையுங்கள், வேறு முகம் வந்துவிடும். ஒன்று கவனம்: அடோபி கேரமண்டில் (ராபர்ட் ஸ்லிம்பாக் வரைந்தது, 1989) எக்ஸ் உயரம், அதாவது x மாதிரி சின்ன எழுத்துகளின் உயரம், குறைவு, 9.5 பொடியாகத் தெரியும், 11 வரை ஏற்றிப் பாருங்கள். பக்கம் கூடுகிறது என்றால் சார்ட்டர் என்ற எழுத்துரு. மேத்யூ கார்ட்டர் 1987இல் மட்டமான பிரிண்டர்களையும் மனதில் வைத்து வரைந்தது, முரட்டுத் தாளிலும் உடையாது.

பதில் 3:
எதை எடுத்தாலும் லேசர் பிரிண்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான் அப்படிச் செய்து, அச்சில் மை ஊறி முழு இதழும் கறுத்து வந்தது, இன்றும் அந்தப் பக்கங்களைப் பார்க்க மனம் வராது. அதே தாளில் நாலு பக்கமாவது சோதனை அச்சு எடுங்கள். அப்புறம் சாய்வெழுத்தும் எண்களும் நிறைந்த ஒரு பக்கத்தைத் தேடி அதில் ஓட்டுங்கள், எழுத்துரு சறுக்குவது அங்கேதான்.

கேட்டவர்:
சரி, தலைப்புக்கு போடோனி 72. உள்ளே சார்ட்டர் ஒன்று, கேரமண்ட் 11 ஒன்று, இரண்டையும் அதே தாளில் அடிக்கக் கொடுத்துவிட்டேன்.