அந்த ஒரு சங்கு மாவுப்பால்

காசிமேட்டுக்காரி:
அறுவை சிகிச்சையில் பிள்ளை பெற்றவளுக்கு மூன்று நாள் பால் ஊறாது, ஆகையால் முதல் நாளே ஒரு சங்கு மாவுப்பால் புகட்டுவதே புத்திசாலித்தனம் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கர்ப்பம் பாதியைத் தாண்டும்போதே மார்பில் சீம்பால் சேரத் தொடங்கிவிடும் என்பதை அவர் கேள்விப்பட்டதில்லை போலும். முதல் நாளில் ஒரு வேளைக்குச் சில மில்லிதான் வரும், பிள்ளையும் அவ்வளவுதான் கேட்கும். சப்பச் சப்பத்தான் பால் ஊறும். சங்கால் வயிறு நிரம்பித் தூங்கும் பிள்ளை எப்போது சப்பும்?

கொருக்குப்பேட்டைத் தகப்பன்:
எழுதியவன் நான்தான் அக்கா, என்னைச் சுட்டியே திட்டலாம். என் மனைவிக்குக் கர்ப்பக்காலச் சர்க்கரை இருந்தது. பிள்ளையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை இறங்கியிருந்தது. மருத்துவர்தான் மாவுப்பால் கொடுக்கச் சொன்னார். அந்த ஒரு சங்குதான் என் மகளைக் காப்பாற்றியது.

காசிமேட்டுக்காரி:
மருத்துவர் சொன்னது உங்கள் மகளுக்கு, தம்பி. நீங்கள் எழுதியதோ ஊருக்கெல்லாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட வேண்டும், 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் ஒரு சங்கு எங்கே வருகிறது?

தண்டையார்பேட்டைச் செவிலி:
இருவரும் சொல்லும் சங்கு எத்தனை மில்லி பிடிக்கும் என்று முதலில் சொல்லுங்கள். 3 கிலோவில் பிறந்த பிள்ளை முதல் சில நாளில் கொஞ்சம் இளைப்பது இயல்புதான் என்றாலும், அந்தக் குறைவு 300 கிராமை நெருங்கினால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா என்றும் கவனியுங்கள்.

கொருக்குப்பேட்டைத் தகப்பன்:
கேட்டீர்களா அக்கா? மருத்துவரிடம் போனால் அவரும் ஒரு சங்குதான் எழுதித் தருவார். போன மாதம் உரைமருந்து பற்றிய பேச்சிலும் இப்படித்தான் என் வாயை அடைத்தீர்கள்.

காசிமேட்டுக்காரி:
கல்லில் உரசிய ஜாதிக்காயைப் பத்து நாள் பிள்ளையின் நாக்கில் தடவச் சொன்னவரை வேறு என்ன செய்வது? என் இரண்டு பிள்ளைகளுமே அறுவை சிகிச்சையில் பிறந்தவர்கள்தாம். தையல் வலியோடு ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுத்தேன். என் மாமியார் விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ப் பால்சுறா வாங்கி வந்து, பூண்டைத் தாராளமாகப் போட்டுப் புட்டு செய்து தந்தார். எங்கள் வீட்டுக்குள் சங்கு வரவே இல்லை.

கொருக்குப்பேட்டைத் தகப்பன்:
சுறாப்புட்டினால் பால் ஊறும் என்பதற்கு மட்டும் எந்த மருத்துவர் சாட்சி?

காசிமேட்டுக்காரி:
நீங்கள் வாங்கிய டப்பாவே சாட்சி. தாய்ப்பாலே சிறந்தது என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும்.

கொருக்குப்பேட்டைத் தகப்பன்:
1992ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி அச்சிடச் சொல்கிறது, அதனால் அச்சிடுகிறார்கள். என் மகளுக்கு இப்போது நான்கு மாதம், தாய்ப்பால்தான் குடிக்கிறாள். ஒரு சங்கு அதைக் கெடுத்துவிடவில்லை.

தண்டையார்பேட்டைச் செவிலி:
எத்தனை மில்லி என்று கேட்டேன்.

காசிமேட்டுக்காரி:
அளவு எதுவானால் என்ன அம்மா, ஒரு சங்கு என்றால் ஒரு சங்குதான். சின்னவன் எழுந்துவிட்டான். அவன் தூங்கியதும் வருகிறேன், தம்பி அதற்குள் ஓடிவிட வேண்டாம்.