ஜெனியின் காதும் அந்தமான் கடலும்

செல்வி: ஜெனி டிசம்பரில் அந்தமானுக்குப் போகிறாள். சுவராஜ் தீவில் ஸ்கூபா டைவிங் செய்ய முன்பணமும் கட்டிவிட்டாள். இரண்டு காதிலும் கருவி மாட்டுகிற பிள்ளை கடலுக்கு அடியில் இறங்கலாமா? ஸ்டீபன், நீங்கள் காது டாக்டர், சொல்லுங்கள்.

ஜெனி: அம்மா, என்னிடம் சொல்லிவிட்டுக் கேட்டிருக்கலாம். பரவாயில்லை. சித்தப்பா, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். என்னையோ அம்மாவையோ சமாதானப்படுத்த வேண்டாம்.

ரீட்டா: வேண்டவே வேண்டாம். அப்பாவைத் தினமும் பார்க்கிறேன். சங்கு குளித்துத்தான் அவர் காது போனது. இருக்கிற கொஞ்சத்தையும் இவள் கடலில் விட வேண்டுமா?

ஸ்டீபன்: அக்கா, பொறுங்கள். மதினி, ஜெனிக்குப் பழுது இருப்பது உள்காதில், ஒலியை உணரும் காக்ளியா என்ற உறுப்பின் நுண்மயிர் செல்களில். கடலின் அழுத்தம் முதலில் சோதிப்பது நடுக்காதை. செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிறைந்த ஒரு சின்ன அறை இருக்கிறது. அங்கிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழாய் போகிறது. அந்தக் குழாய் திறந்து கொடுத்தால் உள்ளும் வெளியும் அழுத்தம் சமமாகும். அது சரியாக வேலை செய்தால், கேட்கும் குறை ஒன்றை மட்டும் காட்டி இவளைத் தடுக்க முடியாது. ஒரு காது முழுதும் செயலிழந்து மறு காதை மட்டும் நம்பியிருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன்.

பிரின்ஸ்: அப்படியானால் நானும் போகலாமா மாமா? செவிப்பறையில் ஓட்டை இருந்தாலும் எனக்கு ஜெனி மதினியைவிட நன்றாகக் கேட்கிறதே.

ஸ்டீபன்: உனக்குத்தான் கூடாது. ஓட்டை வழியாகக் குளிர்ந்த நீர் உள்ளே போகும். ஒரு பக்கக் காது மட்டும் திடீரென்று குளிர்ந்தால் தலை சுற்றும். மேல் எது, கீழ் எது என்றே தெரியாது. வாயில் காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டிருக்கும்போது வாந்தி வந்தால் என்ன ஆகும்? சீழ் பிடிப்பது தனிக் கதை.

பிரின்ஸ்: சரி மாமா. புரிகிறது.

ஜெனி: முதல் முறை என்பதால் 12 மீட்டருக்கு மேல் கொண்டுபோக மாட்டார்கள். அது அதிக ஆழம் இல்லையே?

ஸ்டீபன்: காதுக்கு ஆபத்தே அந்த மேல்பகுதியில்தான், ஜெனி. தண்ணீருக்கு மேலே அழுத்தம் 1 அட்மாஸ்பியர். 10 மீட்டரில் 2. அதற்குள்ளேயே காற்றின் கன அளவு பாதியாகிவிடும். 20 மீட்டரில் 3. அங்கே மூன்றில் ஒரு பங்கு. ஆக, பெரிய மாற்றம் முதல் சில மீட்டரிலேயே நடக்கிறது. தலை மேலே இருக்கும்படி இறங்கு. வலி வரும்வரை காத்திராமல், இறங்கத் தொடங்கியதுமே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊது, அல்லது எச்சில் விழுங்கு. கொஞ்சம் கொஞ்சமாக இறங்க இறங்க, திரும்பத் திரும்பச் செய். திறக்காவிட்டால் சற்று மேலே ஏறி மறுபடி முயற்சி செய். அப்போதும் முடியவில்லை என்றால் அன்றைக்குக் கரையேறிவிடு.

ஜெனி: பலமாக ஊதினால்?

ஸ்டீபன்: அதைத்தான் அழுத்தமாகச் சொல்ல வந்தேன். நடுக்காதுக்கும் உள்காதுக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. முரட்டுத்தனமாக ஊதினால் அது கிழியலாம். கேட்கும் திறன் நிரந்தரமாகக் குறையும், இரைச்சல் வரும், தலை சுற்றும். வால்சால்வா என்ற இத்தாலிய மருத்துவர் இந்த ஊதும் முறையை 1704இல் எழுதிவைத்தது காதுச் சீழை வெளியேற்ற. வலு காட்டுவதற்காக அல்ல. உனக்கு மிச்சமிருக்கும் ஒவ்வொரு டெசிபெலும் பொக்கிஷம்.

ரீட்டா: அப்பாவிடம் எழுதிக் காட்டிக் கேட்டேன். மூக்கை அமுக்கி ஊதுவது அவர்களுக்கும் தெரியுமாம். சளி பிடித்த நாளில் காது திறக்காதாம். "வலித்தாலும் இறங்கினோம், சங்கு கீழே கிடந்ததே" என்கிறார். இறங்காவிட்டால் படகு முதலாளியான சம்மாட்டியிடம் என்ன சொல்வது, வீட்டுக்கு அரிசி எப்படி வாங்குவது? எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஸ்டீபன்: எனக்கும் கஷ்டமாக இருக்கிறது அக்கா. அப்பாவுக்கு அழுத்தக் காயம், அடிக்கடி வந்த சீழ், பிற்காலத்தில் மூச்சுக்காற்று அனுப்பும் படகு கம்ப்ரசரின் சத்தம், வயது எல்லாம் சேர்ந்திருக்கின்றன. வேண்டாம் என்று சொல்லும் வசதி அவருக்குக் கிடைக்கவில்லை. ஜெனிக்கு அது இருக்கிறது. சளி இருந்தால் இறங்காதே, ஜெனி. மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டும் இறங்காதே. அதன் வேலை பாதியில் முடிந்தால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும். காதுக்கு அடைப்பானும் வைக்கக்கூடாது.

ஜெனி: ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவப் படிவத்தில் காது பற்றிய கேள்வி இருக்கிறது. "இல்லை என்று போட்டுவிடுங்கள், வேலை சுலபமாக முடியும்" என்று முன்பதிவு செய்தவர் சொன்னார்.

ஸ்டீபன்: அவர் சொன்னது பெரும் தவறு! ஆமாம் என்றே எழுது. டாக்டர் பரிசோதித்துக் கையெழுத்திடட்டும். உன் குறை தெரியாத பயிற்றுநர் படகிலிருந்து கத்திக் கூப்பிடுவார். கருவியைக் கழற்றிய உனக்குக் கேட்காது. கருவியோடு கரையில் இருக்கும்போதே எல்லா விளக்கத்தையும் கேட்டு முடி. உன் ஜோடியாக இறங்குபவருக்கும் உன் நிலை தெரிந்திருக்க வேண்டும். மேலே வரும்போது சுற்றிலும் பார்த்து வா. தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்வதால், நன்றாகக் கேட்பவருக்கே படகு எந்தப் பக்கம் வருகிறது என்று பிடிபடாது.

ஜெனி: என் ஜோடி கல்லூரித் தோழிதான், சித்தப்பா. அவள் சைகை மொழி பேசுகிறவள், எனக்கும் கற்றுத் தந்திருக்கிறாள். மற்றவர்கள் நாலைந்து கை அடையாளங்களோடு நிற்கும்போது, நாங்கள் மீனின் நிறத்தைப் பற்றிக்கூடப் பேசிக்கொள்வோம். கல்யாண வீட்டுச் சத்தத்தில் பாதிப் பேச்சு புரியாமல் சிரித்துவைக்கிற எனக்கு இது எவ்வளவு பெரியது என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டும்.

செல்வி: தெரிகிறது கண்ணு. தடுப்பதற்காகக் கேட்கவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது, ஸ்டீபன்?

ஸ்டீபன்: அதற்குத்தான் போகும் முன் ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனை அளக்கும் பரிசோதனை, எடுக்க வேண்டும், மதினி. பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நடுக்காது அழுத்தப் பரிசோதனையும் செய்துவிடுவோம். இறங்கிய பிறகு கேட்பது குறைந்தாலோ புதிதாக இரைச்சலோ தலைசுற்றலோ வந்தாலோ, காதில் தண்ணீர் புகுந்திருக்கும் என்று விட்டுவிடாமல் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். நாள் கடந்தால் போன கேட்கும் திறன் திரும்பாமலே போகலாம். ஜெனி, பல முறை இறங்கினால் விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விடு.

ஜெனி: சனிக்கிழமை வரட்டுமா?

ஸ்டீபன்: காலையிலேயே வந்துவிடு.

செல்வி: நானும் வருகிறேன். முடிவு எப்படி வந்தாலும் நான் ஏற்றுக்கொள்வேன். நீயும் ஏற்க வேண்டும்.

ஜெனி: சம்மதம் அம்மா.

பிரின்ஸ்: என் ஓட்டையையும் அன்றைக்கே பார்ப்பீர்களா, மாமா?

ஸ்டீபன்: வா. அதுவரை குளிக்கும்போது காதில் வாசலின் தடவிய பஞ்சு வைத்துக்கொள்.